வேணுமா வேணாமா

கண்டக்டர்! யோவ், கண்டக்டர் தம்பி! அந்தப் பாட்டைக் கொஞ்சம் கொறைங்கய்யா. காலங்காத்தால என்ன கருமம் இது, காதுக்குள்ள கடப்பாறைய விட்டு ஆட்டுற மாதிரி. ஆங்... இன்னும் கொஞ்சம். இன்னும். அணைச்சே போட்டாலும் சரிதான். நல்லா இருப்பீங்க.

இப்பத்தான் மனுஷன் பேசறது மனுஷனுக்குக் கேக்குது. உக்காருங்க தம்பி, நல்லா தாராளமா உக்காருங்க. கோயமுத்தூரா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிடலாம். அந்த ஒயரைக் காதுலருந்து எடுத்துருங்க, காதுக்கு ஆகாது. சத்தத்தைப் பத்தி என்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன். லால்குடியில வந்து மைக்செட் கலியபெருமாள்னு சொன்னா சின்னப் புள்ளகூட வீட்டைக் காட்டும். சுருதி சவுண்டு சர்வீஸ். சுருதிங்கிறது என் மக. அவ பொறந்த கையோட கடைப் பேரை மாத்தி போர்டு எழுதினேன்.

கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கருமாதி, கட்சிக் கூட்டம், எதுவா இருந்தாலும் நம்ம செட்டுதான். ஆடி மாசம் பொறந்துட்டா, மரத்து மேல ஸ்பீக்கர் குழாயைக் கட்டி விடியறதுக்கு முன்னாடி அம்மன் பாட்டைப் போட்டேன்னா கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில கேக்கும். ஒருத்தன் முகம் சுளிச்சதில்ல. ஒரே ஒரு வாத்தியார், எங்க தெருவுக்குப் புதுசா குடிவந்தவரு, பரிச்சை நேரம், புள்ளைங்க படிக்கணும்னு வந்து நின்னாரு. சார், என் மகளுந்தான் படிக்கிறா, கடைக்குப் பின்னாடி ரூம்புல ரெண்டு காதுலயும் பஞ்சை வச்சுக்கிட்டு உக்காந்து படிக்கிறா, ஸ்கூல்ல முதலா வர்றா, உங்க புள்ளைங்களுக்கு மட்டும் என்ன கேடுன்னேன். மனுஷன் வந்த வழியே திரும்பிப் போயிட்டாரு. ஏன்னா நம்மளது மங்கள சத்தம். அதுக்கு ஒரு நேரம் உண்டு, ஒரு காரணம் உண்டு. இந்தப் புது ஓட்டல்காரனுங்க போடறது இருக்கே... தூ! அது சத்தமா? சாக்கடை தம்பி. காது வழியா உள்ள வந்து பாயிற சாக்கடை.

எந்த ஓட்டல்னுதானே கேக்க வர்றீங்க? பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா என் வாய்தான் நாறும். திருச்சியில இருக்கு, அவ்ளோதான். அந்த ஓட்டலாலதான் என் குடும்பம் இன்னிக்கு இப்படி சிந்தி சிதறிக் கெடக்கு. என் மக ஒரு ஊர்ல, நான் ஒரு ஊர்ல. வீட்டுக்காரி ஒரே வீட்டுல இருந்தாலும் பேசறதில்ல. எல்லாம் அந்த ஓட்டல் பண்ண வேலை. இருங்க, நீங்க அப்புறம் பேசுங்க, நான் முதல்லருந்து சொல்லிடறேன்.

என் மகளுக்குக் கரூர்லருந்து ஒரு வரன் வந்துச்சு. பையன் பேரு கௌதம். சொந்தமா தறி போட்டு, பெட்ஷீட்டு, திரைத்துணியெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புற குடும்பம். அப்பா ரத்தினசபாபதி, நல்ல மனுஷந்தான், ஆனா வாய்க்குள்ளயே பேசுவாரு. வெத்தலையை மென்னுக்கிட்டே சாமி கும்பிடற மாதிரி. பொண்ணு பாக்க வீட்டுக்கு வர்றோம்னாங்க. இல்லேன்னா நடுவுல ஒரு கோயில் மண்டபத்துல பாத்துக்கலாம்னாங்க. என்னங்க இது பழைய காலமாட்டம், திருச்சியில நல்ல ஓட்டல் வந்திருக்கு, ரெண்டு பேருக்கும் பொது இடம், படிச்ச புள்ளைங்க, அங்க பேசிக்கட்டும்னேன். ஆமா, டேபிள் சொல்லி வச்சது நான்தான். அது வேற விஷயம். சத்தம் போடச் சொல்லி நானா சொன்னேன்?

கெளம்புற அன்னிக்குக் காலைல சுருதி கடைக்கு வந்து நின்னா. நான் ஒரு ஆம்ப்ளிஃபயரைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, ஹலோ ஹலோ ஒன் டூ த்ரீன்னு பாத்துக்கிட்டிருக்கேன். ஏதோ சொன்னா. அப்பா, இப்ப வேணாம்ப்பா, கோயமுத்தூர்ல ஒரு வேலைன்னோ என்னமோ. அதெல்லாம் போய்ப் பாத்துட்டு வந்து பேசிக்கலாம், சீலையை மாத்துன்னேன். சரின்னு போயிட்டா. அவ அப்படித்தான் தம்பி. சின்ன வயசுலருந்து அவ்ளோ அடக்கம். எங்க வீட்டுல அவ பேசி நான் கேட்டதே இல்ல, பாத்துக்குங்க. யாரு வீட்டுல இருக்கு இந்தக் காலத்துல அப்படி ஒரு புள்ள?

சரி, ஓட்டலுக்கு வருவோம். உள்ள நொழைஞ்சு பாக்குறேன். சுவத்துக்குப் பூச்சு கெடையாது. செங்கல்லு பல்லைக் காட்டுது. மேல பாத்தா தகரமும் இரும்புக் குழாயும் அப்படியே தொங்குது. ஏன்யா, பூசறதுக்குள்ள மேஸ்திரி ஓடிப்போயிட்டானான்னு கேட்டேன். இதுதான் சார் டிசைன்னு சொல்றான், டை கட்டினவன். கீழ வழவழன்னு டைல்ஸு. சேரெல்லாம் இரும்பு. ஒருத்தன் நகந்து உக்காந்தா கிறீச்சுங்குது, பல்லு கூசுது. ஒரு திரைச்சீலை உண்டா, ஒரு பாய் உண்டா, சத்தத்தைக் குடிக்க ஒரு முழத் துணி உண்டா? இல்ல. நான் சவுண்டுக்காரன், எனக்குத் தெரியும். அந்த மாதிரி ரூம்புல ஒரு ஸ்பூன் விழுந்தா அந்த சத்தத்துக்குப் போக்கிடம் கெடையாது. சுவத்துல முட்டி, தகரத்துல முட்டி, திரும்ப நம்ம தலையிலயே வந்து விழும். ஒரு ஸ்பூனுக்கே அப்படின்னா, அங்க ஒரு ஊரே உக்காந்து திங்குது.

சமையக்கட்டும் நடுவுலயே இருக்கு. கண்ணாடிகூட இல்ல. அவன் சட்டியில கரண்டியால அடிக்கிறான், டங்கு டங்குன்னு. எதுக்குடா அடிக்கிறேன்னா, அது ஸ்டைலாம். பக்கத்துல ஜூஸ் போடறவன் மிக்சிய ஓட்டுறான். மேல பாட்டு. பாட்டுன்னு சொல்ல என் வாய் கூசுது. வார்த்தையும் இல்ல, ராகமும் இல்ல, டும்மு டும்முன்னு வயித்துக்குள்ள எவனோ மாவு இடிக்கிற மாதிரி. அந்த டும்முக்கு மேல பேசணும்னு இந்த டேபிள்காரன் கத்துறான். அவன் கத்துறதுக்கு மேல பேசணும்னு அடுத்த டேபிள்காரன் கத்துறான். கடைசியில எல்லாரும் கத்துறான், எவனுக்கும் எதுவும் கேக்கல, ஆனா எல்லாரும் சிரிக்கிறான். வாய் நெறைய சோத்தை வச்சுக்கிட்டு, கண்ணு பிதுங்க, கழுத்து நரம்பு பொடைக்கக் கத்துறானுங்க. பாத்தா குமட்டுது.

தின்ன வந்ததாவது நல்லா இருந்துச்சா? பன்னீரைக் கரியாட்டம் கருக்கி, சுடற இரும்புத் தட்டுல வச்சு, அது மேல எதையோ ஊத்தி சொய்ங்குன்னு புகையை எழுப்பிக்கிட்டு டேபிள் டேபிளாக் கொண்டு போறான். சோறு போடறியா, சாம்பிராணி போடறியான்னேன். அவனுக்குக் கேக்கல.

ரத்தினசபாபதி எனக்குப் பக்கத்துல, என் வீட்டுக்காரி வளர்மதி எதுத்தாப்பல. அவர் வாய்க்குள்ள பேசறது எனக்கு எப்படிக் கேக்கும்? அதனால என் காதுல வாயை வச்சுப் பேசினாரு. ஒவ்வொரு வார்த்தைக்கும் காலிஃபிளவர் துணுக்கு ஒண்ணு வந்து காதுல ஒட்டுது. காதெல்லாம் எச்சி தம்பி! சம்மந்தியாகப் போறவரு, தொடைச்சா மரியாதையா இருக்குமா? ஈரக் காதோட உக்காந்துட்டு தலையை ஆட்டுறேன். அவர் தறியைப் பத்திச் சொன்னாரா, சீரைப் பத்திச் சொன்னாரா, ஒண்ணும் தெரியாது. ஆமா ஆமாங்கிறேன்.

பையனும் பொண்ணும் தனியா அந்தக் கோடி டேபிள்ல உக்காந்து பேசிட்டு வந்தாங்க. அவங்க என்னத்தைப் பேசிக்கிட்டாங்களோ. வந்து உக்காந்ததும், ரத்தினசபாபதி சொன்னாரு, எங்க வீட்டுல பொண்ணோட சம்மதந்தான் முக்கியம், பாப்பாவையே கேட்டுருவோம்னு. அது மட்டும் எனக்குக் கேட்டுச்சு. நான் என்ன கொடுமைக்கார அப்பனா? நானே கேட்டேன். சுருதி, சுத்தி வளைக்காத, வேணுமா வேணாமா, ஒத்தை வார்த்தையில பட்டுன்னு சொல்லுன்னேன்.

அவ வாயைத் தொறக்குறா. அந்த நேரம் பாத்து, எவனுக்கோ பொறந்தநாளு! ஓட்டல்ல வேலை பாக்குற அத்தனை பேரும் ஒரு தட்டைத் தூக்கி அடிச்சுக்கிட்டு, கையைத் தட்டிக்கிட்டு, ஆப்பி பர்த்துடேன்னு கத்திக்கிட்டு எங்க டேபிளை ஒரசிக்கிட்டுப் போறானுங்க. கேக்கு மேல மத்தாப்பு புஸ்ஸுங்குது. அதுக்கு நடுவுல என் மக வாயி அசையறதை நான் பாத்தேன். வேணும்ப்பான்னு சொன்னா.

தம்பி, நம்ம தமிழ்ல பாருங்க, எவ்வளவு பெரிய ஓட்டை! வேணும். வேணாம். என்ன வித்தியாசம்? ஒரு எழுத்து. ஆயுசையே தீர்மானிக்கிற ரெண்டு வார்த்தையை இப்படி ஒட்டிப் பொறந்த ரெட்டைப் புள்ளையாட்டமா வைப்பாங்க? அதுவும் அந்த இரைச்சல்ல எது எதுன்னு யாருக்குத் தெரியும்? ஆனா எனக்கு வேணும்னுதான் கேட்டுச்சு. என் காதுல அப்படித்தான் விழுந்துச்சு. நான் எந்திரிச்சு நின்னு, வேணுங்கிறா!ன்னேன். எனக்கு மைக்கு தேவையில்ல, தொண்டையே குழாய்தான். அந்த டும்மு, அந்தக் கரண்டி, அந்த பர்த்துடே எல்லாத்தையும் தாண்டிப் போச்சு. ஓட்டலே திரும்பிப் பாத்துச்சு. பக்கத்து டேபிள்காரனெல்லாம் கை தட்டினான், எதுக்குன்னே தெரியாம.

அந்த சந்தோசத்துல, அப்புறம் என்ன, தட்டை மாத்திடுவோம்னேன். வெத்தலை பாக்கு கொண்டு போகல. பேசத்தானே போனோம். பில்லுக்கு முன்னாடி ஓட்டல்காரன் ஒரு தட்டுல பீடா கொண்டாந்து வச்சான், செர்ரி குத்தினது. வெத்தலைதானே? பாக்குந்தான் உள்ள இருக்கே? எடுத்து நாலு பீடாவை அவர் கையில குடுத்தேன், அவர் நாலை என் கையில குடுத்தாரு. முடிஞ்சது. தாம்பூலம் மாத்தினா மாத்தினதுதானே? பீடான்னு எழுதியிருந்தா வார்த்தை மாறிடுமா? சுருதி தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. அந்தக் கருகல் பன்னீரு புகை யாரு கண்ணைத்தான் விட்டுச்சு!

திரும்பி வரும்போது கார்ல, பின் சீட்டுல உக்காந்து லால்குடி வரைக்கும் என்னமோ சொல்லிக்கிட்டே வந்தா. அவ அவ்ளோ பேசி நான் பாத்ததே இல்ல. எனக்குக் காதுக்குள்ள இன்னும் அந்த டும்மு நிக்கல. தவிர, நான் சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு சேதி சொல்லிக்கிட்டு வர்றேன். ஒருத்தருக்குச் சொல்லி ஒருத்தருக்குச் சொல்லலேன்னா பொல்லாப்பு. வீட்டுக்கு வந்தா, எங்க வீட்டுக்காரி வளர்மதி பிடிச்சுக்கிட்டா. என்னங்க, அவ வேணாங்குறா, உங்க காதுல விழலையான்னா. நான் அவ வாயாலயே கேட்டேன்டி, நீ பர்த்துடே பாத்துக்கிட்டிருந்தேன்னேன். அதுக்கு அவ சொல்றா, தூங்குறவங்களை எழுப்பலாம், தூங்குற மாதிரி கெடக்குறவங்களை எழுப்ப முடியாதாம். பாருங்க, நான் சத்தத்தைப் பத்திப் பேசறேன், இவ தூக்கத்தைப் பத்திப் பேசறா. பொம்பளைங்களுக்கு எதுக்கு எதைச் சொல்றதுன்னே தெரியறதில்ல.

சரி, நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பிடிச்சாச்சு. ஊருக்கெல்லாம் செட்டுப் போட்டவன், என் வீட்டு விசேஷத்துக்குச் சும்மா இருப்பனா? மண்டபத்துக்குள்ள பாக்ஸு. வாசல்ல குழாய். தெருக்கோடி வரைக்கும் குழாய். கோயில் முக்குல ரெண்டு. அட, அந்த வாத்தியார் வீட்டு எதுத்தாப்பல ஒண்ணு. மேடையில நானே மைக்கைப் பிடிச்சு வந்தவங்களையெல்லாம் பேர் சொல்லி வரவேத்துக்கிட்டிருக்கேன். ஐயரு பத்திரிகையை வாசிக்கப் போறாரு. ரத்தினசபாபதி தட்டோட எந்திரிச்சுட்டாரு. இப்ப நெசமான வெத்தலை, நெசமான பாக்கு. சுருதி என் பக்கத்துல வந்தா. கையை நீட்டினா. பொண்ணு ரெண்டு வார்த்தை பேசப் போகுது, நன்றி சொல்லப் போகுதுன்னு நெனச்சேன். பெருமையா மைக்கைக் குடுத்தேன் தம்பி. என் கையால குடுத்தேன்.

எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். ஓட்டல்லயும் வேணாம்னுதான் சொன்னேன். எங்கப்பாவுக்கு இப்படிச் சொன்னாத்தான் கேக்கும். எல்லாரும் மன்னிச்சுக்குங்க.

அவ்ளோதான் சொன்னா. கத்தல. அழல. வாயிலருந்து ஒரு ஜாண் தள்ளிப் பிடிச்சு, எழுத்து எழுத்தா, நிதானமா. மைக்கு கூவல. கரகரங்கல. சின்ன வயசுல கடையில வச்சு, இப்படிப் பிடிக்கணும் பாப்பா, அப்பத்தான் பிசிறடிக்காதுன்னு நான் சொல்லிக்குடுத்தது. நான் பாய்ஞ்சு ஓடி ஆம்ப்ளிஃபயர் ஒயரைப் பிடுங்கினேன். அதுக்குள்ள தெருக்கோடியத் தாண்டி, கோயில் முக்கைத் தாண்டிப் போயிடுச்சு. மண்டபத்துக்கு வெளில மாடு மேச்சுக்கிட்டிருந்தவன்கூட என்ன ஆச்சுன்னு உள்ள வந்து எட்டிப் பாக்குறான். என் செட்டு அவ்ளோ சுத்தம். அதை மட்டும் இன்னிக்கும் எவனும் குறை சொல்ல முடியாது.

அசிங்கமாப் போச்சு தம்பி. பந்தியில எலை போட்டது போட்டபடி கெடக்கு. கரூர்க்காரங்க எந்திரிச்சுட்டாங்க. அந்தப் பையன் கௌதம், கோவப்பட்டிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அவன் என்கிட்ட வந்து, மாமா, அன்னிக்கே அவங்க வேணாம்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு, நீங்க எந்திரிச்சு வேணுங்கிறான்னு கத்துனதுல, நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்னு நெனச்சுட்டேங்கிறான். நான் இருந்த அதே டேபிள், அதே பர்த்துடே. எனக்குக் கேக்காதது அவனுக்கு மட்டும் எப்படிக் கேக்கும்? பொய் சொல்றான். தறிச் சத்தத்துலயே வளந்த பய, அவன் காதை எவன் நம்புவான்?

அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்க தம்பி. கரூர் வந்துருச்சு. இல்லல்ல, வெயிலு, அதுக்குத்தான்.

சுருதி அந்த வாரமே பெட்டியத் தூக்கிக்கிட்டு கோயமுத்தூருக்குப் போயிட்டா. அந்த வேலையிலதான் சேந்திருக்காளாம். என்ன வேலைன்னு கேக்குறீங்களா? அது வந்து... கம்ப்யூட்டர் பக்கம் ஏதோ. வளர்மதிக்குத் தெரியும். சொந்தக்காரங்க எல்லாம் ஒரு பேச்சு கெளப்பி விட்டுட்டாங்க, கலியபெருமாளுக்குக் காது போயிடுச்சு, குழாய்க்கு அடியிலயே இருந்து செவிடாயிட்டாருன்னு. வளர்மதி அண்ணன் ஒருத்தன், ஒரு விசேஷத்துப் பந்தியில நின்னுக்கிட்டு, செவிடன் காதுல ஊதின சங்குன்னு என்னைக் காட்டிச் சொல்லிச் சிரிக்கிறான். விடுவனா? திருச்சியில பெரிய காது டாக்டர்ட்ட போனேன். ஒரு பொட்டி ரூம்பு, சுவரெல்லாம் மெத்தை. உள்ள உக்கார வச்சு, காதுல மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னாங்க. எறும்பு நடக்குற மாதிரி சத்தம் தம்பி. ஒண்ணு விடாம அமுக்கினேன். டாக்டரே அசந்துட்டாரு. ஐயா, இந்தத் தொழில்ல இருந்துட்டு இப்படி ஒரு காதா, பழுதே இல்லைங்கன்னாரு.

கேட்டுக்கிட்டீங்கள்ல? என் காதுல பழுதில்ல. அப்ப குத்தம் யாரு மேல? அந்த ஓட்டல் மேல. எழுதி வாங்கிக்கிட்டு வந்து வளர்மதிகிட்ட காட்டினேன், பாத்துக்கடி, என் காது சுத்தம்னு. படிச்சுப் பாத்தா. பாத்துட்டு, அப்ப அன்னிக்கு அவ சொன்னது கேட்டுச்சாங்கன்னு கேட்டா. அன்னியிலருந்து என்கிட்ட பேச்சை நிறுத்திட்டா. சந்தோசப்பட வேண்டிய விஷயத்துக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நான் என்ன பண்ணட்டும்?

இப்ப வீட்டுல நல்ல அமைதி. மிக்சி சத்தம்கூட இல்ல, அம்மியில அரைக்கிறா. சாப்பிட உக்காந்தா நான் மெல்லுறது எனக்கே கேக்குது. ஒருமாதிரி இருக்கு. அதனால கடையிலயே ஏதாவது ஒரு பாட்டை ஓட விட்டுட்டு உக்காந்துக்கறேன்.

முன் சீட்டு அம்மா என்ன திரும்பித் திரும்பிப் பாக்குது? நான் மெதுவாத்தானே பேசறேன். என்னம்மா? ஒண்ணுமில்லயா? சரி.

இப்ப எதுக்குக் கோயமுத்தூர் போறேன்னா, புதுசா ஒரு வரன் வந்திருக்கு. ஈரோட்டுப் பக்கம். பையன் போட்டோ பையில இருக்கு, அப்புறம் காட்டறேன். ஒரு தடவை சூடு பட்டவன் தம்பி நான், மறுபடி ஓட்டலுக்குப் போவனா? இந்தத் தடவை எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். பேரூர் பக்கம் தெரிஞ்சவர் ஒருத்தரோட தென்னந்தோப்பு. நடுவுல ஒரு வீடு. பக்கத்துல ரோடு இல்ல, ரயிலு இல்ல, பர்த்துடே இல்ல. தேங்கா விழுந்தாத்தான் சத்தம். அங்க வச்சுக் கேட்டா அவ சொல்றது எனக்குத் தெளிவாக் கேக்குமா, கேக்காதா? நீங்களே சொல்லுங்க. கேக்கும்ல? அதான். எடம் சரியா அமைஞ்சா எல்லாம் சரியா அமையும்.

திடுதிப்புன்னு போய் நேர்ல நின்னா மறுபடி ஏதாவது பேச்சாயிடும்னு, காலைல அவளுக்கு வாட்ஸப்புல பேசி அனுப்பிச்சேன். சுருதி, அப்பா இன்னிக்கு வர்றேன், புது வரன் ஒண்ணு விஷயமா, நான் வரவா, வேணுமா வேணாமா, ஒத்தை வார்த்தையில சொல்லுன்னு. பதிலும் அனுப்பிட்டா, பேசித்தான் அனுப்பிச்சிருக்கா. இத்தனை மாசத்துல முத தடவையா அவ குரல். நான் திருச்சி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். தெரியும்ல, அந்த ஸ்டாண்டு. கரூர் கரூர் கரூர்னு ஒருத்தன், முறுக்கு கடலைன்னு ஒருத்தன், ஹாரனை அமுக்குன கையை எடுக்காம இன்னொருத்தன். அதுக்குள்ள போனைக் காதுல வச்சு அழுத்திக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். வேணும்ப்பான்னா. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. உடனே டிக்கெட்டை எடுத்து ஏறிட்டேன்.

இல்ல, சந்தேகமெல்லாம் இல்ல. இருந்தாலும் உங்களுக்கு வயசுக் காது. நீங்களும் ஒருதடவை கேட்டுட்டீங்கன்னா எனக்கு ஒரு நிம்மதி. இப்ப வேணாம், இந்த எஞ்சின் உறுமல்ல என்ன கேக்கும்? எங்கயாவது நிப்பாட்டுவான்ல.

இதோ நிப்பாட்டிட்டான். வெள்ளகோயில் தாண்டிட்டோமா? டீக்கு எறங்குறாங்க போல. முன் சீட்டு அம்மாவும் எறங்கிடுச்சு. எஞ்சினையும் அணைச்சுட்டான்... அடேயப்பா. என்னா அமைதி! காத்து கூட அசையல. அந்தப் பொட்டி ரூம்பு மாதிரியே இருக்கு தம்பி.

இருங்க, போனை எடுக்கறேன். கண்ணாடி எங்க... ஆங். இதுதான். இந்த முக்கோணத்தை அமுக்கணும்ல? சத்தத்தை நல்லா ஏத்தி வச்சுட்டேன். கேளுங்க.

...

இன்னொரு தடவை போடறேன்.

...

மைக்கை நல்லாத் தள்ளிப் பிடிச்சுத்தான் பேசியிருக்கா. பிசிறே இல்ல, பாத்தீங்களா? பின்னாடி ஒரு ஃபேன் சத்தம்கூட இல்ல. நான் சொல்லிக்குடுத்தது.

இல்ல தம்பி. வேணாம். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.

கண்டக்டர்! கண்டக்டர் தம்பி, டீ அப்புறம் குடிக்கலாம், கொஞ்சம் இங்க வாங்களேன். அந்தப் பாட்டு, காலைல ஓடிச்சே அந்தப் பாட்டு, அதைக் கொஞ்சம் போட்டு விடுங்கய்யா. பரவால்ல. சத்தமாவே போடுங்க.